அவுட்லுக்கிலிருந்து ஜிமெயிலுக்கு: ஒரு மெயிலும் தொலையாமல் மாறும் வழி

பல வருடங்களாக ஒரே கணினியில், ஒரே அவுட்லுக்கில் மெயில் பார்த்து வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆடிட்டர் அலுவலகம், மோட்டார் பம்பு கடை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு என்று பல இடங்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். தடுமாற்றம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜிமெயில் கணக்கைத் திறப்பதிலோ அதைப் பழகுவதிலோ யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. வேலைகளின் வரிசையை மாற்றிச் செய்வதால்தான் மெயில் தொலைகிறது.

கையால் செய்யும் வேலை இரண்டு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும். பழைய மெயில்கள் மேலே ஏற ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பழைய முகவரியையும் புதியதையும் சேர்த்துக் கவனிக்க ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தொடங்காதீர்கள்.

அவுட்லுக் போன்ற இன்னொரு மெயில் மென்பொருளான தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வரிசைதான். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

1. மெயில்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்

இது தெரியாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

அவுட்லுக்கில் ஃபைல் > அக்கவுன்ட் செட்டிங்ஸ் போங்கள். முதல் பட்டியலில் உங்கள் முகவரிக்கு எதிரே பாப் என்றோ ஐமேப் என்றோ எழுதியிருக்கும்.

ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரிலேயே, அதாவது மெயில் சேவை தரும் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கின்றன. கணினியில் இருப்பது அவற்றின் நகல். இந்தக் கணினி நாளை கெட்டுப்போனாலும் மெயில் இருக்கும்.

பாப் என்றால் அஞ்சல் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டது போல. சர்வரில் பெரும்பாலும் ஒன்றும் மிச்சமிருக்காது. உங்கள் பத்து வருட மெயிலும் அந்த ஒரே ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது. பழைய அலுவலகங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் பாப்தான். அதனால் இந்த வழிகாட்டியையும் பாப் கணக்கை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

பாப் என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கணக்கின் மோர் செட்டிங்ஸ் > அட்வான்ஸ்டு பகுதியில், மெயிலின் நகலைச் சர்வரில் விட்டுவைக்கச் சொல்லும் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். அதன் கீழே "14 நாள் கழித்துச் சர்வரிலிருந்து நீக்கு" என்று இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இனி வரும் மெயில் இரண்டு இடத்திலும் இருக்கும். மாற்றத்தின் நடுவில் எது தவறினாலும் இன்றைக்குப் பிறகு வந்தவையாவது தப்பும்.

2. கையில் வேண்டியவை

பழைய முகவரியின் பாஸ்வேர்டு. ஏறக்குறைய எல்லோரும் முதலில் நிற்கும் இடம் இதுதான். அவுட்லுக் அதை வருடக்கணக்காக நினைவில் வைத்திருக்கும், மனிதருக்கு மறந்திருக்கும். "தினமும் மெயில் வருகிறதே, பாஸ்வேர்டு எதற்கு சார்?" என்று கேட்பார்கள். மெயிலைத் திருப்பிவிட அந்தச் சேவையின் இணையதளத்தில் லாகின் செய்தாக வேண்டும், அதற்காகத்தான். பிரவுசரில் போய் இன்றே லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்டை மாற்ற வேண்டிவந்தால் புதியதை அவுட்லுக்கிலும் போட்டுவிடுங்கள்.

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். பென் டிரைவ் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் உங்கள் மெயில் கோப்பைப் போல இரண்டு மடங்கு இடம் இருக்க வேண்டும்.

உங்கள் பெயரில் உள்ள, உங்கள் கையில் உள்ள கைபேசி எண். அலுவலகத்தில் அவ்வப்போது ஆள் மாறும் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம். எந்த ஃபோல்டரில் எத்தனை மெயில், எது ஏறிவிட்டது என்று எழுதி வைக்க வேண்டும். இதைக் கணினியில் எழுதுவதைவிடக் காகிதத்தில் எழுதுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். வேலை நடக்கும் கணினியின் திரையை நம்பியிருக்க வேண்டாம்.

3. பிஎஸ்டி கோப்புகள் அனைத்தையும் கண்டுபிடித்து நகல் எடுங்கள்

அக்கவுன்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால், மெயில்கள் அடைந்திருக்கும் கோப்பின் பெயரும் இருக்குமிடமும் தெரியும். கோப்பின் முடிவு பிஎஸ்டி என்று இருந்தால் அதுதான் உங்கள் சொத்து. ஓஎஸ்டி என்று இருந்தால் அது சர்வரில் உள்ளவற்றின் நகல் மட்டுமே. அதை நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் சாதாரணமாகத் திறக்காது. ஓஎஸ்டியைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு "பேக்கப் எடுத்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

பட்டியலில் ஒரு பிஎஸ்டிதான் தெரிகிறது என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள். பழைய அவுட்லுக் பதிப்புகளில் ஆட்டோ ஆர்க்கைவ் என்று ஒன்று உண்டு. "பழைய மெயில்களை ஒதுக்கவா?" என்று அவ்வப்போது கேட்கும். அவசரத்தில் எல்லோரும் சரி என்று சொல்லியிருப்பார்கள். அது ஆர்க்கைவ் என்ற பெயரில் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, பழைய மெயில்களை அதற்குள் தள்ளியிருக்கும். கணினி மாற்றியபோது அந்தக் கோப்பு அவுட்லுக்கில் மறுபடி இணைக்கப்படாமல் போயிருக்கலாம். அதனால் விண்டோஸ் தேடலில் பிஎஸ்டி முடிவுள்ள எல்லாக் கோப்புகளையும் சி, டி டிரைவ்கள் இரண்டிலும் தேடுங்கள். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வருட மெயில் காணவில்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள். டி டிரைவில் "பழைய கணினி" என்ற ஃபோல்டருக்குள் அப்படியே இருந்தது.

நகலெடுக்கும் முன் அவுட்லுக்கை மூடுங்கள். அது திறந்திருக்கும்போது கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். நகல் எடுக்க முடியாது, அல்லது அரைகுறையாகப் போகும்.

எடுத்த நகலைத் திறந்து பார்ப்பதுதான் பலரும் விட்டுவிடும் வேலை. அவுட்லுக்கில் ஃபைல் > ஓபன் > அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று போய், வெளி டிஸ்கில் உள்ள நகலைத் திறந்து, பழைய மெயில் ஒன்றையும் அதன் இணைப்பையும் படித்துப் பாருங்கள். பார்த்ததும் அந்த நகலை அவுட்லுக்கிலிருந்து மூடிவிட்டு டிஸ்கைக் கழற்றி வையுங்கள். திறக்க மறுத்தால் மைக்ரோசாஃப்ட் தரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற சரிசெய்யும் கருவி ஆபிஸ் நிறுவிய ஃபோல்டரிலேயே இருக்கும். அதை நகலின் மீது ஓட்டுங்கள், மூலத்தின் மீது வேண்டாம்.

தண்டர்பேர்டில் ஹெல்ப் > டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய், புரொஃபைல் ஃபோல்டர் என்பதன் எதிரே உள்ள பட்டனை அழுத்துங்கள். திறக்கும் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்தால் போதும்.

4. புதிய கணக்கைத் திறந்து, பூட்டுப் போடுங்கள்

"என்னிடம்தான் ஏற்கெனவே ஜிமெயில் இருக்கிறதே" என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அது போன் வாங்கிய நாளில் கடைக்காரத் தம்பி அவசரமாகத் தொடங்கிக் கொடுத்ததாக இருக்கலாம். பாஸ்வேர்டு தெரியாது, மீட்பு எண் யாருடையது என்றும் தெரியாது. மேலும் ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயிலுக்கு மட்டுமானதல்ல. கூகுள் டிரைவ், போட்டோஸ் இரண்டும் அதையே பங்கிடுகின்றன. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. பேரக்குழந்தைகளின் வீடியோவால் இடம் நிரம்பிவிட்டால் புது மெயில் வருவது நின்றுபோகும். அனுப்பியவருக்கு மெயில் திரும்பிப் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. தொழில் மெயிலுக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள்.

கணக்கு தொடங்கியதும் மீட்பு எண்ணையும் மீட்பு மெயில் முகவரியையும் பதியுங்கள். மீட்பு முகவரியாக, விட்டுவிடப்போகும் பழைய முகவரியைக் கொடுக்காதீர்கள். இந்தத் தவறு ஒரு வருடம் கழித்துத்தான் கடிக்கும்.

பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இப்போதே இயக்குங்கள். பத்து பேக்கப் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். அச்செடுத்துப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்த நாளில் உள்ளே போக அதுதான் வழி.

மெயில் ஏற்றத் தொடங்கும் முன் ஜிமெயில் செட்டிங்ஸில் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டும். ஜெனரல் பகுதியில் கான்வர்சேஷன் வியூவை அணையுங்கள். ஒரே தலைப்பில் போய்வந்த மெயில்களை ஜிமெயில் ஒரு கட்டாகக் கட்டிக் காட்டும். அது இயங்கும்வரை பட்டியலில் தெரியும் எண்ணிக்கை மெயில்களுடையது அல்ல, கட்டுகளுடையது. ஏழாம் படியில் எண்ணும்போது 3,000 மெயிலில் 1,400தான் வந்திருக்கிறது என்று தோன்றிப் பதறுவீர்கள். இரண்டாவது, லேபிள்ஸ் பகுதியில், எல்லா மெயிலையும் ஒன்றாகக் காட்டும் ஆல் மெயில் என்பதற்கு எதிரே உள்ள ஷோ இன் ஐமேப் டிக்கை எடுங்கள். எடுக்காவிட்டால் நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு மெயிலையும் அவுட்லுக் மறுபடியும் ஒருமுறை இறக்கிக்கொண்டே இருக்கும்.

5. புது மெயில்களை முதலில் திருப்பிவிடுங்கள்

பழையதை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். குழாயைத் திருப்பாமல் தொட்டியை மாற்ற முடியாது. ஏற்றிக்கொண்டிருக்கும் இரண்டு வாரமும் புது மெயில்கள் பழைய பிஎஸ்டிக்குள் விழுந்துகொண்டே இருந்தால் எது ஏறியது, எது ஏறவில்லை என்ற கணக்கு கடைசிவரை முடியாது.

பழைய சேவையின் இணையதளத்தில் லாகின் செய்து, செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் என்பதைத் தேடி, புதிய முகவரியைக் கொடுங்கள். "நகல் ஒன்றை வைத்துக்கொள்" என்ற கட்டம் இருந்தால் டிக் செய்யுங்கள். பிறகு வேறொருவரின் மெயிலிலிருந்து உங்கள் பழைய முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொல்லி, அது ஜிமெயிலில் வந்து விழுகிறதா என்று பாருங்கள்.

அவுட்லுக்கிலேயே ஒரு ரூல் (தானாக நடக்கும் கட்டளை) போட்டுத் திருப்பிவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். பாப் கணக்கில் அந்த ரூல் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் மெயில் திரும்பாது. பழைய சேவையில் ஃபார்வர்டிங் வசதியே இல்லாதவர்களுக்கு மட்டும் அதைத் தற்காலிக ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் பலருக்கு நினைவிருக்கும். பழைய பாப் பெட்டியிலிருந்து ஜிமெயிலே மெயிலை எடுத்துக்கொள்ளும் வசதி அது. அதை 2026-இல் கைவிடுவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

திருப்பிவிடப்பட்ட மெயில்கள் அடிக்கடி ஸ்பேமில் விழும். அனுப்பியவர் ஒருவர், கொண்டுவந்து தரும் சர்வர் இன்னொருவருடையது என்பதால் ஜிமெயில் சந்தேகப்படுகிறது. முதல் மாதம் தினமும் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். நல்ல மெயில் அங்கே இருந்தால் நாட் ஸ்பேம் அழுத்துங்கள். 30 நாளில் ஸ்பேம் தானாக அழிந்துவிடும். நாள் தள்ளினால் போனது போனதுதான்.

6. பழைய மெயில்களை ஏற்றுதல்

அவுட்லுக்கிலேயே ஜிமெயிலை இரண்டாவது கணக்காக, ஐமேப் வழியில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் பழைய ஃபோல்டர்கள், மறுபக்கம் ஜிமெயில். பழையதிலிருந்து புதியதில் நகல் வைத்தால் அது மேலே ஏறும். யோசனை இவ்வளவுதான்.

புதிய அவுட்லுக் பதிப்புகளில் ஜிமெயில் முகவரியைக் கொடுத்ததும் கூகுளின் லாகின் பக்கம் திறக்கும். பழைய பதிப்புகள் பாஸ்வேர்டு மட்டும் கேட்கும், சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தவறு என்று சொல்லும். வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய மென்பொருள்களைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் அனுமதிப்பதில்லை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி, அந்த 16 எழுத்தை அவுட்லுக்கில் போடுங்கள். டூ ஸ்டெப் இயக்கியவர்களுக்குத்தான் ஆப் பாஸ்வேர்டு கிடைக்கும். அதனால்தான் அதை நாலாம் படியிலேயே செய்யச் சொன்னேன். அப்படியும் இணைய மறுத்தால் அந்தப் பழைய பதிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பிஎஸ்டியின் இன்னொரு நகலைப் புதிய பதிப்பு உள்ள கணினியில் திறந்து அங்கிருந்து ஏற்றுங்கள்.

முதலில் பத்து மெயில் மட்டும். ஜிமெயில் பக்கத்தில் "சோதனை" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். இணைப்பு உள்ளது, இல்லாதது, தமிழில் எழுதியது, பத்து வருடம் பழையது என்று கலந்து பத்து மெயிலை அதில் நகல் வையுங்கள். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: தேதி சரியாக இருக்கிறதா, இணைப்பு திறக்கிறதா, தமிழ் தெரிகிறதா. சில பதிப்புகளில் மெயில் வந்த தேதிக்குப் பதில் நீங்கள் ஏற்றிய தேதி தெரியும். பத்து மெயிலில் இது தெரிந்தால் வேறு கணினியில் முயன்று பார்க்கலாம். பத்தாயிரம் ஏறிய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. 2000-களின் மெயில்கள் பல பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை. அந்த எழுத்துரு நிறுவியிருந்த கணினியில் அழகாகத் தெரிந்த கடிதம், பிரவுசரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். மெயில் கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். உள்ளே உள்ள எழுத்துகள் அப்படியேதான் இருக்கின்றன, அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்க எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அந்தப் பத்தியை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் யுனிகோடு தமிழாகிவிடும். அப்பா எழுதிய கடிதங்கள், பழைய நண்பர்களின் கடிதங்கள் இப்படித்தான் இருக்கும். ஒருநாள் உட்கார்ந்து பொறுமையாக மாற்றி வையுங்கள்.

சோதனை சரியாக இருந்தால் பெரிய வேலைக்கு வரலாம். ஃபோல்டரின் மீது ரைட் கிளிக் செய்து காப்பி ஃபோல்டர் என்பதைத் தேர்ந்து, ஜிமெயில் பக்கத்தைக் காட்டுங்கள். மவுஸால் இழுத்துப் போடாதீர்கள். இழுத்துப் போட்டால் மெயில் நகலாகாமல் இடம் மாறிவிடலாம். பாதி வழியில் மின்சாரம் போனால் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. நகல் வைத்தால் மூலம் அப்படியே இருக்கும், மறுபடி முயலலாம்.

இன்பாக்ஸில் 20,000 மெயில் இருந்தால் அதை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். முதலில் அவுட்லுக்கிற்குள்ளேயே வருடவாரியாகப் பிரித்து 2014, 2015 என்று தனி ஃபோல்டர்களாக்குங்கள். ஏற்றும் வேகத்துக்குக் கூகுள் வரம்பு வைத்திருக்கிறது: ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான். அதைத் தாண்டினால் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பார்கள். 5 ஜிபி இருந்தால் குறைந்தது பத்து நாள் வேலை. ஃபோல்டரில் ரைட் கிளிக் > பிராப்பர்ட்டீஸ் > ஃபோல்டர் சைஸ் பார்த்து, ஒரு நாளைக்கு 400 எம்பி அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். இரவு தொடங்கிவிட்டுத் தூங்கப் போகலாம். கணினி ஸ்லீப்புக்குப் போகாதபடி மட்டும் செட்டிங்ஸை மாற்றிவிடுங்கள்.

பழைய இன்பாக்ஸை ஜிமெயிலின் இன்பாக்ஸுக்குள் ஊற்றவே வேண்டாம். "பழையது" என்று தாய் ஃபோல்டர் ஒன்று, அதற்குள் வருடங்கள். நீங்கள் அனுப்பியவற்றுக்கு "பழையது-அனுப்பியவை". அப்போது ஜிமெயிலின் இன்பாக்ஸ் புது மெயிலுக்கு மட்டும் சுத்தமாக இருக்கும். பின்னால் பிழை தெரிந்து அழிக்க வேண்டிவந்தாலும் ஏற்றியதை மட்டும் அழிக்கலாம்.

பிரவுசரில் இவை ஃபோல்டர்களாக இல்லாமல் லேபிள்களாகத் தெரியும். லேபிள் என்பது மெயிலின் மீது ஒட்டிய சீட்டு. ஒரே மெயிலுக்கு இரண்டு சீட்டு ஒட்டலாம். சீட்டை உரித்தால் மெயில் அழியாது, ஆல் மெயிலில் இருக்கும்.

7. எண்ணிப் பாருங்கள்

அவுட்லுக்கில் ஜிமெயில் ஃபோல்டர் நிரம்பித் தெரிவதை வைத்து எல்லாம் ஏறிவிட்டது என்று கணினியை அணைத்துவிடுவார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இது. அவுட்லுக் முதலில் தன் கணினிக்குள் நகலை வைத்துக்கொண்டு, பிறகுதான் மெதுவாக மேலே அனுப்பும். திரையில் தெரிவது மேலே இருப்பதாக ஆகாது.

உண்மையான கணக்கு பிரவுசரில்தான். ஒரு லேபிளைத் திறந்தால் வலது மேல் மூலையில் மொத்த எண்ணிக்கை இருக்கும். அவுட்லுக்கில் அதே ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் மொத்த எண்ணிக்கையைக் காட்டும்படி தேர்ந்து, இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சில மெயில் குறைந்தால் பரவாயில்லை. ஒரே மெயிலின் இரட்டைப் பிரதிகளை ஜிமெயில் பொதுவாக ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். மிகப் பெரிய இணைப்புள்ள மெயில்கள் ஏறாமல் நிற்பதும் உண்டு. அவுட்லுக்கில் அளவுவாரியாக அடுக்கினால் அவை மேலே வரும், இணைப்பை மட்டும் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். நூறு, இருநூறு என்று குறைந்தால் அந்த வருடத்தின் லேபிளையும் உள்ளே ஏறிய மெயில்களையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

8. முகவரிப் புத்தகம்

இங்கே இரண்டு குழிகள்.

முதலாவது. மெயில் எழுதும்போது இரண்டு எழுத்துத் தட்டியதும் கீழே வந்து நிற்கும் பெயர்களை எல்லோரும் தங்கள் கான்டாக்ட்ஸ் என்று நினைக்கிறார்கள். அது அவுட்லுக்கின் ஞாபகம் மட்டுமே. கான்டாக்ட்ஸைத் திறந்து பார்த்தால் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இதற்கு நான் செய்யும் வழி: ஃபைல் > ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட் மூலம் சென்ட் ஐட்டம்ஸ் ஃபோல்டரைச் சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணை) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, எக்செலில் திறந்து, பெறுநர் பெயர், முகவரி என்ற இரண்டு வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, இரட்டிப்பானவற்றை நீக்குவேன். நீங்கள் உண்மையில் யாருக்கெல்லாம் எழுதினீர்களோ அவர்களின் பட்டியல் கிடைத்துவிடும்.

இரண்டாவது, தமிழில் பதிந்த பெயர்கள். அவுட்லுக் உருவாக்கும் சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அதனால் கான்டாக்ட்ஸைப் பட்டியல் வடிவில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்து காப்பி செய்து, எக்செலில் பேஸ்ட் செய்யுங்கள். அங்கிருந்து, தமிழ் எழுத்தைச் சிதையாமல் வைக்கும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வடிவில் சேமியுங்கள். தண்டர்பேர்டில் எக்ஸ்போர்ட் செய்யும்போதே யுடிஎஃப்-8 என்று தேர்ந்துகொள்ளலாம்.

கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் இம்போர்ட் அழுத்தி அந்தக் கோப்பைக் கொடுங்கள். ஒரே தடவையில் 3,000 பேர் வரைதான் ஏற்கும். இம்போர்ட் ஆனவை தனி லேபிளோடு வரும், சரியில்லை என்றால் அதை வைத்தே மொத்தமாக நீக்கலாம்.

9. காலண்டர், ரூல்ஸ், கையொப்பம்

காலண்டரை அவுட்லுக்கிலிருந்து ஐசிஎஸ் கோப்பாகச் சேமித்து, கூகுள் காலண்டரில் இம்போர்ட் செய்தால் போதும். சேமிக்கும்போது தேதி வரம்பு என்று கேட்கும் இடத்தில் முழுக் காலண்டரையும் தேர்ந்தெடுங்கள்.

ரூல்ஸ் எதுவும் கூட வராது. ஜிமெயிலில் ஃபில்டர் என்று புதிதாக எழுத வேண்டும். பழையவை அனைத்தையும் அப்படியே எழுத உட்காராதீர்கள், பாதிக்கு இப்போது தேவையே இருக்காது. கையொப்பத்தைப் புதிய முகவரியோடு புதிதாக அமையுங்கள்.

10. முகவரி மாறியதை எங்கெல்லாம் சொல்ல வேண்டும்

நண்பர்களுக்குச் சொல்வது எளிது. ஒரு மெயில் போதும். அதில் எல்லா முகவரிகளையும் பிசிசியில் போடுங்கள், ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நேரம் எடுப்பது அலுவல் சார்ந்த பதிவுகள்தான். வங்கி, வருமான வரி இ-ஃபைலிங், ஜிஎஸ்டி தளம், வருங்கால வைப்பு நிதி, ஆதார், டீமேட் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டு, எல்ஐசி, ஐஆர்சிடிசி என்று பட்டியல் நீளும். இணையதளம் வைத்திருப்பவர்கள் டொமைன் (இணையதளப் பெயர்) பதிவுசெய்த கணக்கை மறக்கவே கூடாது. புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போனால் டொமைனே கைவிட்டுப் போகும்.

மாற்றத்தை உறுதிசெய்யும் ஓடிபி சில இடங்களில் பழைய முகவரிக்கே வரும். அதனால்தான் பழைய முகவரி உயிரோடு இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். பிராட்பேண்ட் இணைப்போடு வந்த முகவரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இணைப்பைத் துண்டித்தால் முகவரியும் போய்விடலாம். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இணைப்பை முதலில் மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வொரு அலுவலகமாக விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலைந்தார்.

பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். ஏற்றிய பழைய மெயில்களில் ஓடிபி, பாஸ்வேர்டு, ஸ்டேட்மென்ட், வெரிஃபை, ரினியூவல் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். நீங்கள் மறந்துபோன கணக்குகளெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

சொந்த டொமைனில் முகவரி வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு இந்தப் படியே தேவையில்லை, முகவரி மாறாது. அவர்கள் கூகுள் வொர்க்ஸ்பேஸ், சென்னையைச் சேர்ந்த சோஹோ மெயில் போன்ற சேவைகளில் முதலில் எல்லா ஊழியர்களுக்கும் பெட்டி திறந்துவிட்டு, அதன் பிறகே, மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைனின் எம்எக்ஸ் பதிவை மாற்ற வேண்டும். முந்திச் செய்தால் பெட்டி இல்லாத ஊழியருக்கு வரும் மெயில் திரும்பிப் போகும். மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் அன்றே மாற்றுங்கள், இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேமில் கிடக்கும். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை விட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. வொர்க்ஸ்பேஸ் வாங்குபவர்களுக்குப் பிஎஸ்டியை நேரே ஏற்றும் கருவியைக் கூகுளே தருகிறது, ஆறாம் படியின் பாதி வேலை மிச்சம்.

11. பிரவுசரில் முதல் சில வாரங்கள்

"மெயில் காணாமல் போய்விட்டது" என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மூன்றுதான். ஒன்று, டெலீட் என்று நினைத்து ஆர்க்கைவ் அழுத்தியிருப்பார்கள். அது இன்பாக்ஸிலிருந்து விலகி ஆல் மெயிலில் இருக்கும். இரண்டு, மெயில் பிரமோஷன்ஸ் அல்லது அப்டேட்ஸ் தாவலுக்குள் போயிருக்கும். செட்டிங்ஸின் இன்பாக்ஸ் பகுதியில் அந்தத் தாவல்களை நீக்கிவிடுங்கள், எல்லாம் ஒரே இடத்தில் வரும். மூன்று, ஸ்பேம்.

தமிழில் எழுத, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் இன்புட் டூல்ஸை இயக்கித் தமிழைச் சேருங்கள். ஒலிப்பு முறையும் தமிழ்99-உம் இருக்கின்றன.

இணையம் அடிக்கடி போகும் ஊர்களில் இருப்பவர்கள், குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ் > ஆஃப்லைன் இயக்கி 90 நாள் மெயில் வரை கணினியில் வைத்துக்கொள்ளலாம். பலர் உட்காரும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். பொதுக் கணினியில் லாகின் செய்துவிட்டு வெளியேற மறந்தால், ஜிமெயில் பக்கத்தின் அடியில் உள்ள டீடெய்ல்ஸ் என்பதை அழுத்தி, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறச் சொல்லலாம்.

12. பழைய கணினியில் எதை, எப்போது நீக்குவது

ஏற்றி எண்ணி முடித்த அன்று அவுட்லுக்கில் சேர்த்த ஜிமெயில் கணக்கை மட்டும் நீக்குங்கள். ஆப் பாஸ்வேர்டு உருவாக்கியிருந்தால் கூகுள் கணக்கில் அதையும் அழித்துவிடுங்கள். பழைய பாப் கணக்கும் பிஎஸ்டியும் அப்படியே இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து, பழைய முகவரிக்கு இன்னும் என்ன வருகிறது என்று பாருங்கள். ஜிமெயிலின் தேடல் பெட்டியின் வலப்பக்கம் உள்ள குறியை அழுத்தி, பெறுநர் இடத்தில் பழைய முகவரியைப் போட்டால் திருப்பிவிடப்பட்டு வந்தவை மட்டும் வரும். கடைசி இரண்டு மாதத்தில் விளம்பரங்களைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் பழைய கணக்கை மூடலாம். ஒரு வங்கி ஸ்டேட்மென்டாவது வந்திருந்தால் பத்தாம் படிக்குத் திரும்புங்கள்.

வெளி டிஸ்கில் உள்ள பிஎஸ்டி நகலை நீக்கவே வேண்டாம். ஜிமெயிலில் உள்ளதையும் வருடத்துக்கு ஒருமுறை, கணக்கில் உள்ளவற்றை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் எம்பாக்ஸ் கோப்பாக இறக்கி, அதே டிஸ்கில் பிஎஸ்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கோப்பைத் தண்டர்பேர்டில் திறந்து படிக்கலாம். இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது. அதனால் அப்பா, தாத்தாவின் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், டேக்அவுட் எடுக்கும் நாளை அவர்களுக்கும் சேர்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.